‘தொக்மா’: இராயனின் கட்டளையும் சபையின் தீர்மானமும்

முன்னுரை

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு ஆராதனையில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கிறோம். அவ்வதிகாரம் ஓர் அரசாணையோடு தொடங்குகிறது. குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்து இராயன் விடுத்த ஆணையே யோசேப்பையும் மரியாளையும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகச் செய்தது. அவ்வாணையைக் குறிக்க லூக்கா கையாளும் கிரேக்கச் சொல் ‘தொக்மா’ என்பதாகும். அவரே தமது இரண்டாம் நூலில், எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடிச் செய்த தீர்மானங்களுக்கும் இதே சொல்லை வழங்குகிறார் (அப். 16:4). பிற்காலத்தில் இச்சொல் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டைக் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று.

அரண்மனையில் வழங்கிய ஒரு சொல் ஆலயத்துக்குள் வந்தது எவ்வாறு? வரும்போது அது தன் பழைய உடையைக் களைந்து வந்ததா, அல்லது அரண்மனை உடையோடேயே வந்துவிட்டதா? இவ்வினா சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. சபையிலே தீர்மானங்களை அறிவிக்கும் பொறுப்புடைய ஆயர்களாகிய நம் ஒவ்வொருவரையும் தொடும் வினா இது. ஆகவே அச்சொல்லின் வரலாற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

1. சொல்லின் மூலம்

‘தொக்மா’ என்பது ‘தொக்கேயோ’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர்ச்சொல். அவ்வினைக்குத் ‘தோன்றுதல்’, ‘கருதுதல்’ என்பன பொருள். ஒருவனுக்கு ‘இவ்வாறு செய்வது நலம்’ என்று தோன்றுவது தொக்மா. எனவே மூலப்பொருளை நோக்கின், இச்சொல்லில் அதட்டலோ அச்சுறுத்தலோ இல்லை. ஆராய்ந்து பார்த்தபின் மனத்தில் உறுதிப்படும் கருத்தே அதன் உட்பொருள்.

ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் தீர்மானங்களைக் கல்லில் பொறித்தபோது, ‘எதொக்சே’ என்னும் வினைமுற்றைக்கொண்டு தொடங்குவது வழக்கம். ஆலோசனை மன்றத்துக்கும் மக்களுக்கும் இது நலமெனத் தோன்றியது என்பது அதன் கருத்து. மக்கள் மன்றத்தின் தீர்மானத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘ப்செபிஸ்மா’. வாக்களிப்பதற்குப் பயன்பட்ட கூழாங்கல்லின் பெயரிலிருந்து அச்சொல் வந்தது. ஆக, கிரேக்க நகரங்களில் ஓர் ஆணைக்குப் பின்னால் கூட்டமும் விவாதமும் வாக்கும் இருந்தன. ‘தோன்றியது’ என்னும் சொல் அவற்றை நினைவூட்டிற்று.

கிரேக்க நாடுகள் ரோம ஆதிக்கத்துக்கு உட்பட்டபோது, ரோமப் பேரவையின் தீர்மானத்தைக் கிரேக்கத்தில் எழுத ஒரு சொல் வேண்டியிருந்தது. அத்தீர்மானத்துக்கு இலத்தீனில் வழங்கிய பெயர், ‘பேரவையின் ஆலோசனை’ என்னும் பொருளுடையது. அதற்கு ஈடாகக் கிரேக்கர் ‘தொக்மா’ என்று எழுதினர். பெயரளவில் ஆலோசனை, நடைமுறையிலோ மீறக்கூடாத ஆணை. வென்றவருக்கு நலமெனத் தோன்றியது தோற்றவருக்குச் சட்டமாயிற்று. சொல்லின் மென்மையான மூலம் இவ்விடத்தில் மங்கத் தொடங்குவதைக் காண்கிறோம்.

மற்றொரு புறம், தத்துவ ஆசிரியர்களும் தத்தம் கொள்கைகளைத் தொக்மா என்றே அழைத்தனர். சிசரோ என்னும் ரோம அறிஞர் அதை இலத்தீனில் ‘தெக்ரேதும்’, அதாவது தீர்ப்பு அல்லது தீர்மானம், என்று பெயர்த்தார். அரசாணை, தத்துவக் கொள்கை ஆகிய இவ்விரு பொருள்களும் கிறிஸ்துவுக்கு முன்னரே இச்சொல்லுக்கு இருந்தன என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

2. பாரசீக அரண்மனையின் ‘தாத்’

பழைய ஏற்பாட்டில் அரசாணையைக் குறிக்கும் சொற்களுள் சிறப்பான ஒன்று ‘தாத்’ என்பது. இது எபிரெயச் சொல்லன்று, பாரசீகச் சொல். தரியுவின் கல்வெட்டுகளிலும் அவன் மகனுடைய கல்வெட்டுகளிலும் இது சட்டம் என்னும் பொருளில் வருகிறது. எஸ்தர் புத்தகத்தில் மட்டும் ஏறத்தாழ இருபது முறை வழங்குகிறது.

எஸ்தர் புத்தகம் ஒருவகையில் ஆணைகளின் புத்தகம் எனலாம். நூற்றிருபத்தேழு நாடுகளுக்கும் அந்தந்த நாட்டு எழுத்திலும் மொழியிலும் கட்டளை எழுதப்படுகிறது. இராஜாவின் மோதிரத்தால் முத்திரை இடப்படுகிறது. விரைந்தோடும் அஞ்சற்காரர் அதைச் சுமந்து செல்கின்றனர். நிர்வாகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவ்வளவு நேர்த்தியாக அனுப்பப்பட்ட கட்டளை ஓர் இனத்தையே அழிப்பதற்கான கட்டளை. எழுதினவனும் முத்திரையிட்டவனும் குடிக்க உட்கார்ந்தார்கள், நகரமோ கலங்கிற்று என்று அந்நூல் காட்டுகிறது (எஸ். 3:15). ஆணை செம்மையாகப் பிறப்பிக்கப்பட்டது என்பதனால் அது நீதியான ஆணை ஆகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்க முடியுமோ?

தானியேல் புத்தகத்திலோ ஆணையின் மற்றொரு கேடு காணப்படுகிறது. மேதியர் பெர்சியருடைய சட்டம் மாற்றக்கூடாதது. தானியேலை விடுவிக்கப் பொழுது சாயுமளவும் முயன்ற தரியு, தன் கையெழுத்துக்குத் தானே அடிமையாக நிற்கிறான். தானியேல் புத்தகத்துக்குச் சபை ஏற்றுக்கொண்ட கிரேக்க மொழிபெயர்ப்பு தியோதோத்தியோன் பெயரால் வழங்குவது. அதில் இத்தகைய அரச கட்டளைகளுக்குத் ‘தொக்மா’ என்னும் சொல் பல இடங்களில் வருகிறது. ஞானிகளைக் கொல்ல நேபுகாத்நேச்சார் விடுத்த ஆணை ‘புறப்பட்டது’ என்று அம்மொழிபெயர்ப்பில் உள்ள வினையே (தானி. 2:13), அகுஸ்துவின் ஆணை ‘புறப்பட்டது’ என்று லூக்கா எழுதும் வினையுமாகும்.

எஸ்றா 7-ஆம் அதிகாரத்தில் அர்தசஷ்டாவின் நிருபம் இன்னுமோர் உண்மையைக் காட்டுகிறது. அங்கே தேவனுடைய நியாயப்பிரமாணத்துக்கும் இராஜாவினுடைய சட்டத்துக்கும் அரமேயத்தில் ஒரே சொல்தான், இரண்டும் ‘தாத்’ (எஸ். 7:26 என்று எழுதின் எஸ்தரோடு மயங்குமாதலால், எஸ்றா 7:26 எனக் கொள்க). பிற்கால எபிரெயத்தில் இச்சொல் ‘மதம்’ என்னும் பொருளையே பெற்றுவிட்டது. இராஜாவின் ஆணையைக் குறித்த பாரசீகச் சொல் யூதரிடத்தில் மதம் என்றாயிற்று. இராயனின் ஆணையைக் குறித்த கிரேக்கச் சொல் கிறிஸ்தவரிடத்தில் கோட்பாடு என்றாயிற்று. இவ்விரு பயணங்களும் ஒத்திருப்பது சிந்தனைக்குரியது.

3. ரோம ஆட்சியில் ஆணை வகைகள்

ரோமச் சட்ட அறிஞர் இராயனின் ஆணைகளைப் பல வகையாகப் பிரித்தனர். மக்களுக்குப் பொதுவாக அறிவிக்கப்படுவது ‘எதிக்தும்’. வழக்கை விசாரித்து அளிக்கும் தீர்ப்பு ‘தெக்ரேதும்’. விண்ணப்பத்துக்கோ அதிகாரியின் வினாவுக்கோ எழுதப்படும் மறுமொழி ‘ரெஸ்கிரிப்தும்’. தேசாதிபதிகளுக்குத் தரப்படும் பணி அறிவுரை ‘மந்தாதும்’. இவற்றுள் எதிக்தும் என்பதற்கு நேரான கிரேக்கச் சொல் ‘தியாதக்மா’. மோசேயின் பெற்றோர் அஞ்சாத பார்வோனின் கட்டளைக்கு எபிரெயர் நிருபத்தில் வரும் சொல் இதுவே (எபி. 11:23). யூதர் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டுமென்று கிலவுதியு இராயன் கட்டளையிட்டதைக் கூறும்போது லூக்கா இதே வேர்ச்சொல்லின் வினையைக் கையாளுகிறார் (அப். 18:2).

எதிக்தும் என்பதன் வேர் ‘உரக்கச் சொல்லுதல்’. எழுதப்பட்டபோதும் அது பேச்சின் வடிவை விட்டுவிடவில்லை. வட ஆப்பிரிக்காவிலுள்ள சிரேனே ஊரில் 1920-களில் கண்டெடுக்கப்பட்ட அகுஸ்துவின் ஆணைகள் ஐந்தும் இதற்குச் சான்று. அவற்றுள் நான்கு கி.மு. 7/6-ஆம் ஆண்டையும், ஒன்று கி.மு. 4-ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. இராயனின் பெயர், பட்டங்கள், அவற்றின்பின் ‘கூறுகிறார்’ என்னும் வினை ஆகியவை முதலில் வர, ஆணை தொடர்கிறது. நமது ஆண்டவர் பிறந்த காலத்தை ஒட்டி, அகுஸ்துவின் ஆணை மாகாணத்தில் எவ்வாறு ஒலித்தது என்பதை அக்கல் இன்றும் காட்டுகிறது. இத்தகைய அறிவிப்புகளைத் தரையில் நிற்பவன் நேராக வாசிக்கத்தக்க இடத்தில் வைக்கவேண்டும் என்பதும் ரோமர் வழக்கம்.

இவ்வகைகள் அனைத்தும் சபையின் வரலாற்றோடு ஓரிடத்தில் சந்திக்கின்றன. பித்தினியா, பொந்து நாடுகளின் அதிபதியாகிய பிளினி ஏறத்தாழ கி.பி. 112-இல் கிறிஸ்தவர்களைக் குறித்துத் திராயான் இராயனுக்கு எழுதினார். இராயன் தமக்குத் தந்த மந்தாதுமின்படி, சங்கங்கள் கூடுவதைத் தடுத்து எதிக்தும் ஒன்றைத் தாம் விடுத்ததாகவும், அதன்பின் கிறிஸ்தவர்கள் சேர்ந்து உண்பதை விட்டுவிட்டதாகவும் அதில் குறிப்பிடுகிறார். இராயன் அனுப்பிய மறுமொழி ரெஸ்கிரிப்தும் வகையைச் சார்ந்தது: கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டாம், குற்றம் சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கவேண்டும், பெயரில்லாத முறையீடுகளை ஏற்கவேண்டாம். நம் முன்னோர் கூடி உண்ட விருந்தை ஓர் அறிவிப்புப் பலகை நிறுத்திவிட்டது என்பதை வாசிக்கும்போது, ஆணை என்பது எளியோரின் மேசைவரை எட்டுவது என்பதை உணர்கிறோம்.

குடிமதிப்பு ஆணைகளைப்பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். அகுஸ்து தமது செயல்களைத் தாமே தொகுத்து எழுதிய கல்வெட்டில், கி.மு. 28, கி.மு. 8, கி.பி. 14 ஆகிய ஆண்டுகளில் மும்முறை ரோமக் குடிமக்களை எண்ணியதாகக் கூறுகிறார். முதல்முறை எண்ணப்பட்டோர் 40,63,000 பேர். இவை ரோமக் குடியுரிமை பெற்றோரின் கணக்கே. எகிப்தில் கி.பி. 104-இல் விபியுஸ் மாக்சிமுஸ் என்னும் அதிபதி, வீடுவீடாக எடுக்கப்படும் கணக்குக்காக வெளியூரில் இருப்போர் தத்தம் இருப்பிடங்களுக்குத் திரும்பவேண்டுமென ஆணையிட்டதைக் காட்டும் பாப்பிரஸ் ஒன்று கிடைத்துள்ளது. லூக்கா வருணிக்கும் பயணத்துக்கு இது ஓரளவு ஒப்புமை தருகிறது. ஆயினும் ஏரோது இறந்தது கி.மு. 4-இல், சிரேனியுவின் குடிமதிப்பை யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் வைப்பது கி.பி. 6-இல். இவ்விடைவெளியை மேற்கூறிய பாப்பிரஸ் நிரப்பிவிடுவதில்லை. அதைச் சபையாருக்கு மறைப்பதனால் வேதத்துக்கு ஆதாயம் ஒன்றுமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது தகும். ‘இராயனின் தியாதக்மா’ என்னும் தலைப்போடு, கல்லறைகளைக் கலைப்போருக்குத் தண்டனை விதிக்கும் கல்வெட்டு ஒன்று பாரீசில் உள்ளது. நாசரேத்திலிருந்து 1878-இல் அனுப்பப்பட்டது என்னும் குறிப்போடு ஒருவர் அதைச் சேகரித்து வைத்திருந்தார். 1930-இல் அது பதிப்பிக்கப்பட்டது. காலியான கல்லறையைப்பற்றிய செய்தி இராயனை எட்டியதற்கு இது சான்று என்று உயிர்த்தெழுதல் பிரசங்கங்களில் பலர் கூறிவந்தனர். அக்கல்லின் பளிங்கை ஆய்ந்து 2020-இல் வெளியிடப்பட்ட முடிவு, அது கிரேக்கத் தீவாகிய கோசுவிலிருந்து வந்த பளிங்கு என்று காட்டியது. நாசரேத்தோடு அதற்கு இருந்த தொடர்பு இதனால் பெரிதும் தளர்ந்துவிட்டது. உயிர்த்தெழுதலின் விசுவாசம் ஒரு பளிங்குத் துண்டின்மேல் நிற்பதில்லை. நிற்கும்படி நாம் போதித்திருப்பின் தவறு நம்முடையதே.

4. புதிய ஏற்பாட்டில் ‘தொக்மா’

புதிய ஏற்பாட்டில் இப்பெயர்ச்சொல் ஐந்து இடங்களில் வருகிறது: லூக். 2:1, அப். 16:4; அப். 17:7, எபே. 2:15, கொலோ. 2:14. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றை ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. இராயனுடையதைக் ‘கட்டளை’ என்றும், அப்போஸ்தலருடையதைச் ‘சட்டங்கள்’ என்றும், எபேசியரில் ‘சட்டதிட்டங்கள்’ என்றும் வழங்குகிறது. இலத்தீன் வல்கேட்டும் அவ்வாறே லூக்காவில் எதிக்தும் என்றும், அப்போஸ்தலர் 16-இல் தொக்மா என்றும், ஏனைய இடங்களில் தெக்ரேதும் என்றும் பிரித்து எழுதுகிறது. மொழிபெயர்ப்பாளர் செய்தது தவறன்று. ஆனால் மூலத்தில் ஒன்றாயிருந்த சொல் பலவாகப் பிரிந்ததால், லூக்கா வைத்துள்ள ஒப்புமை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

லூக்காவின் மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். முதலில், இராயனின் தொக்மா உலகத்தையே அசைக்கிறது. ஆயினும் அதன் விளைவு, தாவீதின் ஊரிலே மேசியா பிறப்பது. இராயன் அறியாமலே அவனுடைய ஆணை வேறொரு நோக்கத்துக்கு ஏவல் செய்கிறது. அடுத்து, எருசலேமிலிருந்து அப்போஸ்தலரின் தொக்மாக்களைப் பவுலும் சீலாவும் பட்டணந்தோறும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதற்கடுத்த அதிகாரத்திலேயே, தெசலோனிக்கேயில் கிறிஸ்தவர்கள் இராயனின் தொக்மாக்களுக்கு விரோதமாக, இயேசு என்னும் வேறொருவரை இராஜா என்கிறார்கள் என்று குற்றம் சாட்டப்படுகிறார்கள். இரண்டு ஆணைகள், இரண்டு அரசர்கள்.

அவ்வாறாயின், அப்போஸ்தலரின் தொக்மா இராயனின் தொக்மாவுக்குப் போட்டியாக எழுந்த மற்றொரு அரசாணையா? அன்று. அது உருவான முறையைப் பதினைந்தாம் அதிகாரம் விரிவாகச் சொல்லுகிறது. அந்தியோகியாவில் வாக்குவாதம் எழுந்தது. எருசலேமில் மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் புறஜாதிகளிடையே நடந்தவற்றை விவரித்தனர், கூட்டத்தார் அமைதியாகக் கேட்டனர், யாக்கோபு வேதத்தை எடுத்துக்காட்டித் தம் கருத்தைக் கூறினார். அதன்பின்னரே ‘எதொக்சே’ என்னும் வினை மும்முறை வருகிறது (அப். 15:22, 25, 28). முதலில் அப்போஸ்தலருக்கும் மூப்பருக்கும் சபையார் எல்லாருக்கும். பின்னர், ஒருமனப்பட்டுக் கூடிய எங்களுக்கு. முடிவில், பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும். நமது மொழிபெயர்ப்பு ‘நலமாகக் கண்டது’ என்று அழகாகச் சொல்லுகிறது. ஏதென்ஸ் நகரின் கற்களில் இருந்த அந்தப் பழைய சொல், அதன் மூலப்பொருளோடு, இங்கே சபையின் வாயில் மீண்டும் ஒலிக்கிறது. எதொக்சே என்பதால் பிறந்ததே அடுத்த அதிகாரத்தின் தொக்மா.

இன்னும் நோக்குவோம். அத்தீர்மானம் நான்கு காரியங்களை மட்டும் கேட்கிறது. இன்றியமையாதவற்றைத் தவிர வேறு பாரத்தைச் சுமத்தவில்லை. அது வெறும் ஓலையாக அனுப்பப்படவில்லை. வாய்மொழியாகவும் விளக்கும்படி யூதாவும் சீலாவும் உடன் அனுப்பப்பட்டனர். அந்தியோகியாவில் சபை முழுவதும் கூடிவந்து அதை வாசித்தபோது, அதனால் உண்டான ஆறுதலினிமித்தம் மகிழ்ந்தனர். இராயனின் ஆணையைக் கேட்டு எளிய மக்கள் ஆறுதலடைந்து மகிழ்வது அரிது.

எபேசியர், கொலோசெயர் நிருபங்களிலோ இச்சொல் மற்றொரு முகம் காட்டுகிறது. யூதரையும் புறஜாதியாரையும் பிரித்து நின்ற நடுச்சுவரோடு தொக்மாக்கள் சேர்த்துப் பேசப்படுகின்றன. கொலோசெயரில் நமக்கு எதிரான ‘கையெழுத்து’ என்பது, கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் பத்திரத்தின் பெயர். அதிலுள்ள தொக்மாக்கள் நம்மைக் குற்றவாளிகளாக்கின; கிறிஸ்து அப்பத்திரத்தையே சிலுவையில் ஆணியடித்துவிட்டார். ஆகையால், தொடுவதையும் ருசிபார்ப்பதையும் பற்றிய மனித விதிகளுக்கு ஏன் உட்படுகிறீர்கள் என்று ஆசிரியர் கேட்கிறார் (கொலோ. 2:20, 21). அவ்வினாவில் உள்ள வினைச்சொல்லும் தொக்மா என்பதிலிருந்து பிறந்ததே. ஆக, புதிய ஏற்பாடே இச்சொல்லை ஐயத்தோடும் நோக்குகிறது. ஆறுதல் தரும் தொக்மா உண்டு. சுவர் எழுப்பும் தொக்மாவும் உண்டு.

5. ஆணைக்கு உட்பட்ட சபை, ஆணையைக் கைக்கொண்ட சபை

முதல் மூன்று நூற்றாண்டுகளில் சபை ஆணைக்கு உட்பட்ட இடத்தில் இருந்தது. தேசியு இராயனின் ஆணைப்படி, கி.பி. 250-இல் மக்கள் தேவர்களுக்குப் பலியிட்டதற்குச் சான்றுச்சீட்டுப் பெறவேண்டியிருந்தது. ஆணையின் வாசகம் அழிந்துபோயிற்று. எகிப்தின் மணலில் அச்சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. கி.பி. 303 பிப்ரவரி 24-ஆம் நாள் நிக்கோமேதியாவில் தியோக்கிலேத்தியனின் ஆணை வைக்கப்பட்டது. ஆலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் அது கட்டளையிட்டது. அதைக் கிழித்தெறிந்த கிறிஸ்தவர் ஒருவர் உயிரை இழந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 311 ஏப்ரல் 30-ஆம் நாள், அதே நகரில் கலேரியுவின் ஆணை வைக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் இருக்க இடங்கொடுத்து, தமக்காகவும் அரசுக்காகவும் தங்கள் தேவனை வேண்டிக்கொள்ளும்படி அது கேட்டது. ஆணை பிறப்பித்தவனே இரப்பவனாக நின்றான்.

அடுத்துவரும் ‘மிலான் ஆணை’ நம் மாணவர் அனைவரும் தேர்வில் எழுதுவது. அது மிலானில் விடுக்கப்பட்ட எதிக்தும் அன்று என்பதை 1891-இலேயே ஓட்டோ சேக் என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். கான்ஸ்தந்தீனும் லிக்கினியுவும் மிலானில் கூடி ஒத்துக்கொண்டதை, லிக்கினியு தேசாதிபதிக்கு ஒரு நிருபமாக எழுத, அது 313 ஜூன் 13-இல் நிக்கோமேதியாவில் வெளியிடப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றி, எல்லாருக்கும் தாம் விரும்பிய சமயத்தைப் பின்பற்ற அது உரிமை தந்தது. இப்பகுதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 380 பிப்ரவரி 27-ஆம் நாள், தியோதோசியு இராயன் தம் உடன் இராயர்களின் பெயரும் சேர்த்து ஓர் எதிக்தும் விடுத்தார். பேதுரு ரோமருக்கு ஒப்புவித்த மார்க்கத்தையே மக்கள் யாவரும் பின்பற்றவேண்டும். அவர்களுக்கே ‘கத்தோலிக்க கிறிஸ்தவர்’ என்னும் பெயர். மற்றவர்களுக்குத் தேவதண்டனையோடு இராயனின் தண்டனையும் உண்டு என்பது அதன் சாரம். திரித்துவ விசுவாசத்தை அறிக்கையிடும் நமக்கு அதன் கோட்பாட்டில் குறையொன்றும் தோன்றாது. ஆனால் அது விடுக்கப்பட்ட ஊரைக் கவனிக்கவேண்டும். அந்த ஊர் தெசலோனிக்கே. எந்த ஊரில் இராயனின் தொக்மாவுக்கு விரோதிகள் என்று விசுவாசிகள் இழுத்துச்செல்லப்பட்டார்களோ, அதே ஊரிலிருந்து, விசுவாசத்தின் தொக்மாவே இராயனின் ஆணையாகப் புறப்பட்டது. இடையில் இருந்த காலம் ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகள்.

இவ்விணைப்பின் விலையை அறிய நெடுங்காலம் ஆகவில்லை. ஸ்பானிய ஆயரான பிரிசில்லியன் சில ஆண்டுகளுக்குள், கி.பி. 385-ஐ ஒட்டி, திரியேர் நகரில் மாக்சிமுஸ் இராயனின் ஆணையால் கொல்லப்பட்டார். சட்டப்படி சாட்டப்பட்ட குற்றம் மாந்திரீகம். வழக்கைத் தூண்டியவர்களோ உடன் ஆயர்கள். தூர்ஸ் நகர மார்ட்டின் அதைத் தடுக்க முயன்றதும், மிலானின் அம்புரோஸ் அவ்வாயர்களோடு ஐக்கியம் கொள்ள மறுத்ததும் சபையின் மனச்சாட்சி முற்றிலும் உறங்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இதே காலத்தில் ‘தொக்மா’ கோட்பாடு என்னும் பொருளில் நிலைபெற்றது. ஏறத்தாழ கி.பி. 375-இல் பசீலியு, வெளிப்படையாக அறிவிக்கப்படும் ‘கெரிக்மா’ ஒன்று, சபையின் ஆராதனையில் மௌனமாகக் காக்கப்படும் தொக்மா மற்றொன்று எனப் பிரித்தார். அவர் கருத்தில் தொக்மா என்பது ஆராதிக்கும் சபை உள்ளத்தில் போற்றும் உண்மை. அரசாங்கம் அச்சுறுத்திப் புகுத்துவதன்று.

பின்வந்த வரலாற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். பிரான்சு நாட்டின் சீர்திருத்தச் சபையாருக்கு உரிமையளித்த 1598-ஆம் ஆண்டின் நாந்து ஆணை, என்றும் மாற்றப்படாதது என்று தன்னைத்தானே கூறிக்கொண்டது. பதினான்காம் லூயி 1685-இல் மற்றோர் ஆணையால் அதை நீக்கினான். மேதியர் பெர்சியரின் மாறாத சட்டம் அநீதிக்கு அரணாயிற்று. இங்கோ மாறாததென்ற ஆணை எளியோருக்கு அரணாகாமற்போயிற்று. ஆணையில் நம்பிக்கை வைப்பவன் இரு பக்கத்திலும் ஏமாறுகிறான்.

6. தமிழில் ‘பிறப்பித்தல்’

அரசாணையைப்பற்றிப் பேசும்போது தமிழில் நாம் ‘பிறப்பித்தல்’ என்னும் வினையைக் கையாளுகிறோம். உத்தரவு பிறந்தது, ஆணை பிறப்பித்தார் என்கிறோம். அரமேயமும் கிரேக்கமும் ஆணை ‘புறப்பட்டது’ என்று சொல்லும் இடத்தில், தமிழ் அதற்குப் பிறப்பையே தந்துவிடுகிறது. நமது மொழிபெயர்ப்பிலும் லூக்கா 2:1-இல் கட்டளை ‘பிறந்தது’ என்றே உள்ளது. பத்து வசனங்கள் கடந்தபின் இரட்சகர் பிறந்திருக்கிற செய்தி வருகிறது. ஒரே அதிகாரத்தில் இரண்டு பிறப்புகள்: ஒன்று அரண்மனையில், மற்றொன்று முன்னணை அருகே.

இது பிரசங்கிக்கத்தக்க அழகிய இணைப்பு. ஆயினும் இது தமிழ் மொழி நமக்குத் தந்த கொடை. லூக்காவின் கிரேக்கத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வினைகள். தமிழின் அழகைத் தமிழின் அழகென்றே கூறிப் பிரசங்கிப்பதில் குற்றமில்லை. மூலத்தின் கருத்தென்று சொல்லிவிடலாகாது. ‘புறப்பட்டது’ என்னும் மூல வினைக்கும் தனிச்சிறப்பு உண்டு. சீயோனிலிருந்து வேதமும் எருசலேமிலிருந்து கர்த்தரின் வசனமும் புறப்படும் என்னும் ஏசாயாவின் தரிசனத்தில் (ஏசா. 2:3) கிரேக்க மொழிபெயர்ப்பு கையாளுவது அதே வினை. ரோமாபுரியிலிருந்து புறப்பட்டது ஒன்று. எருசலேமிலிருந்து புறப்படுவது மற்றொன்று.

முடிவுரை

நாம் ஆயர்ப்பணியில் புதிதாக இருந்த நாள்களில், ஒரு சேகரத்தில் சங்கக் காணிக்கையை உயர்த்தும் தீர்மானம் ஒன்றை ஞாயிறு ஆராதனையில் வாசித்தோம். கமிட்டியில் சிலர் மட்டும் கூடி முடிவுசெய்தது அது. பஞ்சம் அடித்திருந்த ஆண்டு. சபையாரை நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராதனை முடிந்தபின் முதிய மூப்பர் ஒருவர் அருகில் வந்து, “ஐயரவர்களே, ஓலையை வாசித்துவிட்டீர்கள், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லையே” என்றார். கூலிவேலை செய்யும் குடும்பங்கள் சில, தர இயலாத வெட்கத்தால் பல வாரங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அவர்களுள் ஒரு வீட்டுக்கு நாம் சென்றபோது அந்த வீட்டார் பாய் விரித்து நம்மை உட்காரவைத்தனர். குறை ஒன்றும் சொல்லவில்லை. அது நமக்கு மேலும் பாரமாயிருந்தது. தீர்மானத்தை நாம் மீண்டும் சபைக் கூட்டத்தில் வைத்து மாற்றிக்கொண்டோம். அந்நாளிலிருந்து அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தை நாம் வேறு கண்ணோடு வாசிக்கிறோம்.

சபைக்கு ஒழுங்கு வேண்டாம் என்பது நமது கருத்தன்று. தீர்மானம் இல்லாத சபை சிதறிப்போகும். எருசலேமும் எழுதியே அனுப்பிற்று. ஆயினும் நமது தொக்மா எவ்வகையைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் சோதித்தறிவது தகும். அது பேசப்பட்டதா, கேட்கப்பட்டதா? வேதத்தோடு ஒப்பிடப்பட்டதா? இன்றியமையாததை மட்டும் சுமத்துகிறதா? அதை விளக்குவதற்கு ஓலையோடு ஆளும் போனதா? வாசித்துக் கேட்டவர்கள் ஆறுதல் அடைந்தார்களா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று விடை கூறமுடியுமானால், பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டாகலாம். அவ்வாறு கூற இயலாதபோது, நம் கையில் இருப்பது இராயனின் ஓலையே. அதன் தலைப்பில் சபையின் பெயர் எழுதியிருப்பதனால் அது மாறிவிடாது.